கொடைக்கானலிலிருந்து ஓர் அறிபுனை இதழ்: அச்சா, மின்னிதழா?

அறிபுனை (அறிவியல் புனைகதை), மிகுபுனைவு (ஃபேண்டஸி) சிறுகதைகளுக்கென்று கொடைக்கானலில் இருந்தபடி சொந்தமாக ஓர் இதழ் தொடங்குவதென்றால், அச்சில் கொண்டுவருவதா, மின்னிதழாகவா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அச்சில் எல்லாம் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆஃப்செட் அச்சில், பக்கங்களைப் பதிக்கும் உலோகத் தகடான பிளேட்டின் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே. அதனால் குறைவாக அடித்தால் பிரதி விலை ஏறிவிடும். நூறு, இருநூறு போதுமென்றால் டிஜிட்டல் அச்சு சரி. நடுமடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் 4-இன் மடங்காக வர வேண்டும். 45-ஆம் பக்கத்தில் கதைகள் முடிந்தால் மீதி 3 பக்கத்துக்கு எதையாவது தேட வேண்டும். (சிறுபத்திரிகைக் கவிதைகள் சில இப்படித்தான் இடம்பிடித்தனவோ என்று எனக்கொரு சந்தேகம்.) அப்புறம், அச்சான இதழ்க் கட்டுகள் வத்தலக்குண்டு வழியாக மலையேறி, விற்பதற்காக மறுபடி இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் காகிதம் ஈரம் இழுத்து நெளியும். தொடர்ந்து வெளியிடுவதென்றால் 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டத்தையும் படித்துக்கொள்வது நல்லது.

மின்னிதழுக்கு லாரியும் வேண்டாம், கிடங்கும் வேண்டாம். ஆனால் பிடிஎஃப் மட்டும் போதாது. போனில் அதை இழுத்து இழுத்துப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் எழுத்து திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். சந்தா வசூலிப்பதுதான் பெரும்பாடு.

நானாக இருந்தால் காலாண்டு மின்னிதழ், ஆண்டுக்கு ஒரு அச்சுத் தொகுப்பு என்று வைப்பேன். தொகுப்பை மழைக்கு முன்பே மதுரையில் அடித்து, மலையேற்றாமல் அங்கேயே வைத்துவிடலாம். மிச்சமாகும் பணத்தில் எழுதியவர்களுக்குச் சன்மானம் தரலாம்.