வாரச்சந்தை நடத்துவோர் கவனத்துக்கு: விவசாயி பெயரில் வரும் வியாபாரி

சென்னையைச் சுற்றி நடக்கும் இயற்கைச் சந்தைகளில் இடம் கேட்டு வருவோரிடம் உஷாராக இருங்கள். எங்கள் சந்தைக்கு வந்தவரிடம் சிட்டா, அடங்கல், ஆதார் நகல் எல்லாமே சரியாக இருந்தன. நிலமும் உண்மைதான். முதலில் அரைக்கீரை, வெண்டை மட்டும் வந்தது. பிறகு தக்காளி, சின்ன வெங்காயம். மே மாதம் கேரட்டே வந்துவிட்டது! செங்கல்பட்டு வெயிலில் மே மாதத்தில் கேரட் ஏது? கோயம்பேட்டில் விடிகாலையில் ஏற்றிய சரக்குதான் ‘சொந்தத் தோட்டம்’ பலகையோடு இரட்டை விலைக்குப் போனது.

நிலம் யாருடையது என்பதுதான் சிட்டாவில் தெரியும். கூடையில் உள்ள காய் எங்கே விளைந்தது என்பது தெரியாது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையிலேயே வயலைப் பார்த்த பிறகுதான் அடையாள அட்டை தருகிறார்கள். தனியார் சந்தைகள் பெரும்பாலும் ஜெராக்ஸோடு நிறுத்திக்கொள்கின்றன. ஓட்டை அங்கேதான்.

வயலுக்குப் போனால் பயிரைப் பார்ப்பதோடு கணக்கும் போடுங்கள். வெண்டை ஏக்கருக்கு 5 டன் என்று தாராளமாகவே வைத்தாலும் 10 சென்டில் மொத்தம் 500 கிலோ. விதைத்து 45 நாளில் காய்ப்புக்கு வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் 20, 25 பறிப்பு. அதாவது பறிப்புக்கு 20 முதல் 25 கிலோ. வெண்டையைச் சேர்த்தும் வைக்க முடியாது. செடியில் விட்டால் முற்றும், பறித்து வைத்தால் வாடும். 10 சென்ட்காரர் ஞாயிற்றுக்கிழமை 80 கிலோ இறக்கினால் மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

வண்டியிலிருந்து இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மண்டிக் குறி போட்ட பிளாஸ்டிக் கிரேட், 50 கிலோ வலைச் சாக்கு, ஒரே அளவில் தரம் பிரித்த தக்காளி எல்லாம் அங்கேயே கண்ணில் படும். மேசைக்கு வந்த பிறகு எல்லாம் பனையோலைக் கூடைதான்.

மரச்செக்கு எண்ணெயிலும் இதே கதை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் அதற்கே 300. புண்ணாக்கு விற்ற காசில் ஐம்பது, அறுபதைக் கழித்தாலும், கூலிக்கும் பாட்டிலுக்கும் முன்பே 240 ஆகிறது. லிட்டர் 180-க்குத் தருகிறேன் என்பவரின் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தராசையும் விடாதீர்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட்டிருக்க வேண்டும். வாசலில் முத்திரையிட்ட ஒரு கிலோ, ஐந்து கிலோ எடைக்கற்களை வைத்து, கடை திறக்கும் முன் எல்லாத் தராசிலும் ஏற்றிப் பாருங்கள். தட்டு காலியாக இருக்கும்போது 40, 50 கிராம் காட்டுகிறதா என்பதை விற்பனைக்கு நடுவிலும் பார்க்க வேண்டும். காலையில் பூஜ்யம் காட்டியது கூட்டம் சேர்ந்ததும் மாறும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

சேர்க்கைப் படிவத்தில் பயிர், பரப்பு, விதைத்த தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். அதில் இல்லாத காய் மேசைக்கு வரக்கூடாது. பக்கத்து வயல்காரர் விளைச்சலைக் கொண்டுவந்தால் அவர் பெயரைப் பலகையில் எழுதட்டும், அதில் தப்பில்லை. மண்டிச் சரக்கு பிடிபட்டால் முன்பணம் திரும்பாது என்பதையும் அதே படிவத்தில் கையெழுத்துக்கு மேலேயே அச்சடித்துவிடுங்கள்.