குளத்து விளக்கு: கேஸ்கட் மாற்றுவதா, விளக்கையே மாற்றுவதா?

காட்பாடிப் பக்கம் நாங்கள் நடத்தும் விடுதியின் நீச்சல் குளத்தில் இருந்த பழைய ஹாலஜன் விளக்குகளைக் கழற்றிவிட்டு, உள்ளே ரெசின் (ஊற்றியதும் கெட்டியாக இறுகும் பிசின்) ஊற்றி அடைத்த எல்.இ.டி. விளக்குகளைச் சென்ற கோடைக்கு முன்பு பொருத்தினோம். பழுது பார்த்தே ஓட்டலாமே என்று கேட்பவர்களிடம் மாற்றுவதே மேல் என்றுதான் சொல்லி வருகிறேன்.

மின்கட்டணம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 12 வோல்ட்டில் எரியும் 300 வாட் ஹாலஜன் 25 ஆம்பியர் இழுக்கும், எல்.இ.டி.க்கு அதில் சிறு பங்கு போதும். விலையைப் பார்த்தால் பழுதுபார்ப்பதே மலிவு. ஒரு பல்பு, தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒரு ரப்பர் கேஸ்கட், ஆள்கூலி, அவ்வளவுதான்.

ஆனால் கணக்குப் பார்க்க வேண்டியது பல்பின் விலையை அல்ல, தண்ணீரை. ஹாலஜன் எரியும்போது கூட்டுக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிகிறது. அணைத்ததும் சுருங்கி, சூட்டில் இறுகிப்போன கேஸ்கட்டின் ஓரமாகக் குளத்து நீரை உள்ளே இழுக்கிறது. புதிய கேஸ்கட் போட்டாலும் அது சீராக உட்கார வேண்டிய விளிம்பில் உப்பு அரித்த குழிகள் இருந்தால் கசிவு நிற்பதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறிக் கிடப்பதை ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் துருப்பிடிக்காத எஃகு திருகும் புள்ளி புள்ளியாக அரிபடும். எங்கள் விளக்கு ஒன்றில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பியதும் திருகின் தலை உதிர்ந்து கையோடு வந்துவிட்டது.

விளக்கின் பின்னால் போதிய ஒயர் சுருட்டி வைத்திருந்தால் விளக்கைக் கரைமேல் எடுத்து வைத்தே வேலையை முடித்துவிடலாம். குளம் கட்டியவர் அப்படி விடவில்லையென்றால் நீர்மட்டத்தை இறக்கித்தான் ஆக வேண்டும்: 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் 60 செ.மீ. இறக்கினால் 30,000 லிட்டர் போகும். 12,000 லிட்டர் டேங்கர் இரண்டரை லோடு. அக்னி நட்சத்திரத்தில் அந்த லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது பணத்தைவிடப் பெரிய பாடு. ரெசின் அடைத்த விளக்கில் சுருங்கித் தண்ணீரை இழுக்கக் காற்றே இல்லை என்பதால் கசிவுக்காக அதைத் திறக்கும் வேலை எழுவதில்லை.

குறையும் உண்டு. உள்ளே ஏதேனும் கெட்டால் பிரித்துச் சரி செய்ய முடியாது, மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் அனுபவமில்லை; நிறம் மாறும் வகையைப் பயன்படுத்தியதும் இல்லை. பித்தளைக் கூடு உள்ளே உலர்ந்திருந்து பல்பு மட்டும் போயிருக்கிறது என்றால் நானே பல்பை மட்டும்தான் மாற்றுவேன்.

மாற்றுகிறவர்கள், மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து பார்ப்பது நல்லது. ஒயரில் குறையும் வோல்ட்டை ஈடுகட்டப் பழைய இணைப்பு 13 அல்லது 14 வோல்ட் முனையில் இருக்கக்கூடும், எல்.இ.டி.க்கு அதை 12-க்கு இறக்க வேண்டும். புதிய ஒயரைப் பழைய ஒயரின் நுனியில் கட்டி பைப் வழியே இழுத்துக்கொள்ளலாம். நீருக்கடியில் ஜாயின்ட் கூடவே கூடாது. விளக்கைக் கரைவரை தூக்கும் அளவுக்கு ஒயரை இம்முறையாவது சுருட்டி விடச் சொல்லுங்கள்.