இறுக்கமான பிஸ்டலை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டார்கெட் ஷூட்டிங்குக்காக இறுக்கமாகப் பொருத்திய செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கும், வாங்கப் போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. அடிக்கடி ஜாம் ஆகிறது என்று கொண்டுபோய்க் கொடுத்ததும், வேறு எதையும் பார்க்காமல் "ரெயிலைத் தேய்க்க வேண்டும்" (ரெயில் என்பது பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு முன்னும் பின்னும் ஓடும் தடம்) என்று ஒருவர் சொன்னால், பிஸ்டலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். என் பிஸ்டலை அப்படித்தான் தேய்த்துக் கெடுத்தார்கள். அதோடு ஒரு ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு, லேபிள் இல்லாத பாட்டிலில் ஒரு எண்ணெயையும் தலையில் கட்டி அனுப்பினார்கள்.

என்னுடையது 1911 வகை, .45 காலிபர், முழுக்க ஸ்டீல். ஸ்லைடும், கைப்பிடியுள்ள கீழ்ப்பாகமான ஃப்ரேமும் கையால் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டவை. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட அதே அமைப்புதான். ஆனால் ராணுவத்துக்காகச் செய்தவற்றில் ரெயில் இடைவெளி தாராளமாக இருக்கும். மண்ணும் கரியும் புகுந்தாலும் ஓடும். போட்டிக்காகச் செய்யப்படுகிறவற்றில் அந்த இடைவெளியைக் குறைத்துவிடுகிறார்கள். புதிதில் ஸ்லைடைக் கையால் இழுத்தாலே கனமாக இருக்கும். முதல் சில நூறு ரவுண்டுகளுக்கு அது இயல்பு. எண்ணெயைத் தாராளமாகப் போட்டு, முழு சக்தியுள்ள தோட்டாவைச் சுட்டுச் சுட்டுத்தான் அது பழக வேண்டும். விஷயம் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

எனக்கு வந்த தொந்தரவு இரண்டு. சுட்டபின் ஸ்லைடு முழுதாக மூடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் நின்றுவிடும். சில நேரம் காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் உறை) வெளியே விழாமல் ஸ்லைடுக்கு நடுவே நட்டுக்குத்தலாக மாட்டிக்கொள்ளும். இதைச் சொன்னதும் அந்த மெக்கானிக் ஸ்லைடை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். "ரொம்ப டைட் சார், தேய்ச்சு விட்டா சரியாயிடும். ஸ்பிரிங்கும் ஹார்டா இருக்கு, மாத்திடறேன்" என்றார். என்ன தோட்டா சுடுகிறேன் என்று கேட்கவில்லை. எந்த மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) வருகிறது என்று கேட்கவில்லை. என்ன எண்ணெய் போடுகிறேன் என்றும் கேட்கவில்லை. இந்த மூன்று கேள்வியும் இல்லாமல் ஃபீடிங் கோளாறை (தோட்டா சரியாக உள்ளே ஏறாத கோளாறை)க் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

திரும்பி வந்தபோது ஸ்லைடு வழுக்கிக்கொண்டு ஓடியது, உண்மைதான். கொஞ்ச நாளில் பழைய ஜாமும் வந்தது, கூடவே குறியும் சிதற ஆரம்பித்தது. பல வருடம் போட்டித் துப்பாக்கிகளைப் பராமரித்த ஒரு ஆர்மரரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்துக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன்.

ஃப்ரேம் ரெயிலின் பள்ளத்தில் ஒரு பல் குச்சியை விட்டு இழுத்தார். சாம்பல் நிறத்தில் பசை வந்தது. அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்க்கச் சொன்னார், நறநறவென்றது. உலோகத்தை அரைக்கும் லேப்பிங் பேஸ்ட். தேய்த்து முடித்தபின் கழுவவே இல்லை. அதாவது அந்தப் பிஸ்டலை நான் சுட்ட ஒவ்வொரு முறையும் அது தன்னையே அரைத்துக்கொண்டிருந்தது. அடுத்து ரீகாயில் ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். ஒரு முனை தொழிற்சாலையில் வந்தபடி இருந்தது, இன்னொரு முனை பளபளவென்று பிசிறோடு வெட்டுப்பட்டிருந்தது. "மாற்றிவிட்டேன்" என்று சொல்லிக் காசு வாங்கியது இதற்குத்தான். ஐந்து அங்குலப் பேரல் (குழல்) கொண்ட .45-க்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. சக்தி குறைந்த டார்கெட் தோட்டாவுக்கு 12, 14 பவுண்டு என்று தனியாகவே கிடைக்கிறது. நிமிடத்தில் மாற்றலாம், வேண்டாமென்றால் பழையதைத் திரும்பப் போடலாம். வெட்டிய ஸ்பிரிங்குக்கு எத்தனை பவுண்டு என்று வெட்டியவருக்கே தெரியாது. வலு குறைந்தால் ஸ்லைடு வேகமாகப் பின்னால் போய் ஃப்ரேமை இடிக்கும், முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவை பேரலின் பின்முனையான சேம்பருக்குள் தள்ளவும் திணறும். ஸ்லைடு மூடவில்லை என்று புகார் சொன்ன பிஸ்டலில், அதை மூடுகிற ஸ்பிரிங்கையே வலுவிழக்கச் செய்திருக்கிறார்!

குறி சிதறியதற்குக் காரணம் வேறு. ரெயில் கொஞ்சம் தளர்ந்ததால் மட்டும் குறி அவ்வளவு கெடாது. குறிபார்க்கும் சைட்டுகள் இரண்டும் ஸ்லைடின் மேல்தான் இருக்கின்றன, அதனால் பேரல் ஒவ்வொரு முறையும் ஸ்லைடில் அதே இடத்தில் வந்து உட்காருகிறதா என்பதுதான் முக்கியம். அந்த மெக்கானிக் பேரல் முனையைப் பிடித்திருக்கும் புஷிங்கின் உள்பக்கத்தையும் தேய்த்துவிட்டார். கேட்காத வேலை, சொல்லாத வேலை. புஷிங்கைப் புதிதாகப் போட்டுப் பொருத்தலாம். ரெயிலை அப்படிச் செய்ய முடியாது. அந்தக் காலத்து ராணுவ ஆர்மரர்கள் ரெயிலைத் தட்டி இறக்கி, ஸ்லைடை அழுத்தி, மறுபடி இறுக்கமாக்குவார்கள். அது தெரிந்த கை இன்று எளிதில் கிடைப்பதில்லை.

இனி எண்ணெய். இதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும், ஏனென்றால் இறுக்கமான பிஸ்டலில் பாதிக்கு மேற்பட்ட தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

"ஸ்பெஷல் கன் ஆயில், இயற்கையானது, வெளியில கிடைக்காது சார்" என்று சொல்லி அந்த மெக்கானிக் விற்றார். ஆர்மரர் பேரலின் வெளிப்புறத்தில் நகத்தால் சுரண்டியபோது மஞ்சள் நிறத்தில் ஏடு ஏடாக உரிந்து வந்தது. தாவர எண்ணெய் பெரும்பாலும் காற்றும் சூடும் பட்டால் நாளடைவில் பிசினாகும். சமையலறை வாணலியின் வெளிப்பக்கம் படிந்துபோன எண்ணெய்க் கறையைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். இடைவெளியே இல்லாத ரெயிலில் அந்தப் பிசின் படிந்தால் ஸ்லைடு எப்படி ஓடும்? தளர்வான பிஸ்டலாக இருந்தால் அதையும் தாங்கியிருக்கும்.

WD-40 போன்ற ஸ்ப்ரேவை நிறைய பேர் எண்ணெய் என்று நினைத்து அடிக்கிறார்கள். அது ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் செய்யப்பட்ட கலவை. பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுவது மெல்லிய படலம். நனைந்த துப்பாக்கியைத் துடைக்க உதவும். நாள் முழுக்கச் சுடுகிற போட்டியில் ரெயிலைக் காப்பாற்ற அதை நம்பக்கூடாது.

இறுக்கமான புதுப் பிஸ்டலுக்கு லேசான சிந்தெடிக் எண்ணெய்தான் சரி. கன் ஆயில் என்று பெயர் போட்ட தரமான எதுவும் போதும். 5W-30 சிந்தெடிக் இன்ஜின் ஆயில்கூட நன்றாகவே வேலை செய்யும். கெட்டியான கிரீஸை இந்தக் கட்டத்தில் ரெயில் முழுக்க அப்பினால் அது ஸ்லைடைப் பிடித்து இழுக்கும், குளிரில் இன்னும் மோசம். பழகித் தளர்ந்தபின் கிரீஸுக்குப் போகலாம். அப்போதும் வண்டிக்குப் போடும் 2-ம் எண் கிரீஸைவிட 0, 1 என்ற மெல்லிய ரகம் நல்லது. ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் ஓடும் பிஸ்டல் மட்டும் விதிவிலக்கு: அந்த உலோகம் வறண்டு உரசினால் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும் குணம் உடையது, அதனால் அதற்கு ஆரம்பத்திலிருந்தே எண்ணெயோடு மெல்லிய கிரீஸ் ஒரு பூச்சு இருப்பது பாதுகாப்பு.

எங்கே போடுவது என்பதைப் பிஸ்டலே காட்டும். கழற்றிப் பார்த்தால் உலோகம் உரசிப் பளபளக்கும் இடங்கள் தெரியும்: ரெயிலின் நான்கு முகங்கள், புஷிங் உரசும் பேரல் முனை, பேரலின் மேல் லக்குகள் (ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் மேடுகள்), ஃப்ரேமின் மேல் துருத்தி நிற்கும் டிஸ்கனெக்டரின் தலை. அங்கெல்லாம் போடுங்கள். சேம்பர், ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) ஓடும் துளை, மேகசினின் உள்பக்கம் இந்த மூன்றும் உலர்ந்தே இருக்க வேண்டும். ஃபயரிங் பின் துளையில் எண்ணெய் விட்டால் கரியோடு சேர்ந்து சேறாகும், தோட்டாவின் அடியிலுள்ள ப்ரைமரில் அடி பலமாக விழாது.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. மேகசினை எடுத்து, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு ஆரம்பியுங்கள், தோட்டாக்களை வேறு இடத்தில் வையுங்கள். பழைய எண்ணெயை சால்வென்ட் போட்டு முழுதாகக் கழுவி, புது எண்ணெய் போடுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஸ்லைடை ஃப்ரேமில் மட்டும் மாட்டி மெதுவாக நகர்த்துங்கள். கடைசி வரை ஒரே சீராக இறுகினால் அது பழகக்கூடிய இறுக்கம். ஒரே இடத்தில் மட்டும் முட்டினால் அங்கே மேடு இருக்கிறது. நல்ல மெக்கானிக் ரெயிலில் மார்க்கர் மையைத் தடவி ஓட்டிப் பார்ப்பார், மை அழிந்த அந்த ஒரு புள்ளியை மட்டும் மென்மையான கல்லால் தொடுவார். பேஸ்ட் போட்டு மொத்த ரெயிலையும் அரைக்க மாட்டார்.

ஸ்லைடு மூடாமல் நின்றால், கழற்றிய பேரலை நிமிர்த்திப் பிடித்து சேம்பருக்குள் ஒரு தோட்டாவைப் போடுங்கள். டொக்கென்று உட்கார்ந்து, கவிழ்த்ததும் தானாக விழ வேண்டும். விழாவிட்டால் சேம்பர் அழுக்காக இருக்கிறது, அல்லது தோட்டாவின் அளவு சரியில்லை. .45 தோட்டாவின் மொத்த நீளம் 32.4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. காலி கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் அளவுக்கு மீறி அழுத்தினாலும் இதே தொல்லை வரும். டம்மி ரவுண்டு (மருந்தில்லாத போலித் தோட்டா) ஒன்றை அதன் கொக்கிக்குக் கீழே செருகி ஸ்லைடை லேசாக அசைத்துப் பாருங்கள். விழாமல் நிற்க வேண்டும், ஆனால் செருகும்போது மல்லுக்கட்டக் கூடாது. காலி கேஸ் மாட்டுவதென்றால், வலுவில்லாத தோட்டா, அதற்குப் பொருந்தாத ஸ்பிரிங், தளர்ந்த மணிக்கட்டு மூன்றையும் பார்த்த பிறகுதான் உலோகத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும். ஒரே மேகசினில் மட்டும் வருகிறதென்றால் பிஸ்டலைத் தொடவே வேண்டாம், அந்த மேகசினை ஒதுக்கிவிடுங்கள். டிரிகர், அதோடு இயங்கும் சியர் பக்கம் மட்டும் யாரும் தாங்களாகக் கை வைக்காதீர்கள், உயிருக்கு ஆபத்தான இடம் அது.

என் பிஸ்டலில் ஆர்மரர் செய்தது இவ்வளவுதான்: பேஸ்ட் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார், 16 பவுண்டு ஸ்பிரிங் போட்டார், புது புஷிங் பொருத்தினார், எக்ஸ்ட்ராக்டரின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். ஸ்லைடு மூடாததற்கு முதலிலிருந்தே காரணம் அந்த எக்ஸ்ட்ராக்டர்தான் என்றார். ரெயிலைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

தேய்த்தவரிடம் போய்க் கேட்டேன். "டைட்டா இருக்குன்னு நீங்கதானே சார் கொண்டு வந்தீங்க" என்றார். நான் கொண்டுபோனது ஜாம் ஆகிறது என்று. வேலை விவரம் எழுதிய காகிதம் கையில் இல்லாததால் அதற்கு மேல் அவரிடம் பேச எதுவும் இருக்கவில்லை. நீங்கள் கொடுக்கும்போது என்ன கோளாறு, எந்தப் பாகத்தில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ரெயில், பேரல், புஷிங் மூன்றையும் கொடுப்பதற்கு முன் அருகில் வைத்துப் படம் எடுங்கள். கழற்றிய பாகம் எதுவானாலும் திருப்பிக் கேளுங்கள், ஸ்பிரிங்கின் இரண்டு முனையையும் அங்கேயே பாருங்கள்.