கிரிக்கெட் மட்டை எண்ணெயும் இறுகிப்போன சேஃப்டியும்

அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்த பிறகு, வாரிசு என்ற முறையில் அவருடைய .315 போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் என் பெயருக்கு மாறியது. எட்டு ஆண்டுகளாகத் திருவான்மியூர் வீட்டின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கி என்று பெயர்தான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு வேட்டை ஏது? சுட்ட நாட்களைவிடத் துடைத்த நாட்களே அதிகம். கடற்காற்றில் ஜன்னல் கம்பியே இரண்டு ஆண்டுகளில் செதில் செதிலாக உதிரும் தெரு எங்களுடையது.

துப்பாக்கியைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. தோட்டாவை உள்ளே தள்ளவும் வெளியே எடுக்கவும் கையால் இழுக்கும் தண்டான போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். தோளில் உதை கொஞ்சம் முரட்டுத்தனம், பழகிவிட்டது. தொல்லை கொடுத்தது சேஃப்டி மட்டும்தான். தவறுதலாகச் சுடாமல் தடுக்க இடப்பக்கம் இருக்கும் சிறிய நெம்புகோல் அது. பின்னால் தள்ளினால் பூட்டு, முன்னால் தள்ளினால் திறப்பு.

2024 மக்களவைத் தேர்தலுக்காக மார்ச்சில் உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்த ரைஃபிளை ஜூனில் திரும்ப வாங்கினேன். அதற்கு முன்பே சேஃப்டி சற்று இறுக்கமாகத்தான் இருந்தது, நான்தான் பொருட்படுத்தவில்லை. இப்போதோ கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தியும் பாதி வழியில் நின்றது. அசையவே அசையாத சேஃப்டியைவிடப் பாதியில் நிற்கும் சேஃப்டிதான் எனக்குப் பயமாக இருந்தது. பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

துரு நீக்கும் ஸ்பிரே அடித்தேன். இரண்டு நாள் இளகியது, மூன்றாம் நாள் பழைய கதை. கழற்றிப் பார்க்கக் கை துறுதுறுத்தாலும் அடக்கிக்கொண்டேன். 1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். தெரு முனைப் பட்டறையில் கொடுத்துவிட முடியாது. தோட்டாக்களை வீட்டில் பூட்டிவைத்து, உரிமப் புத்தகத்தோடு அண்ணா சாலைப் பக்கம் ஆட்டோவில் புறப்பட்டேன். “கிட்டாரா சார்?” என்றார் ஓட்டுநர். தலையாட்டிவைத்தேன்.

மெக்கானிக் பெரியவர் முதலில் துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தோட்டா இல்லை என்று விரலை விட்டே உறுதி செய்தார். பிறகு போல்ட்டைச் சுடத் தயாராக ஏற்றிய நிலையிலும் ஏற்றாத நிலையிலும் சேஃப்டியைத் தள்ளிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே இறுக்கம். ஏற்றியபோது மட்டும் இறுகினால் உள்ளே பூட்டும் பாகங்கள் உரசுகின்றன என்று பொருளாம். இரண்டிலும் இறுகினால் அச்சிலேயே ஏதோ அடைத்திருக்கிறது.

“துப்பாக்கியின் மரக்கட்டைக்கு என்ன தடவுகிறீர்கள்?” என்று கேட்டார்.

“லின்சீட் எண்ணெய்தான் ஐயா. கிரிக்கெட் மட்டைக்குப் போடுவோமே, அதுதான்.”

அவர் சிரித்தார். திருகைக் கழற்றி, வில்தகட்டைத் தூக்கிக் காட்டினார். அச்சைச் சுற்றித் தேன் நிறத்தில், பழைய வார்னிஷ் போல ஒரு படலம். லின்சீட் காற்றுப் பட்டால் உறைந்து கெட்டியாகும் எண்ணெய். பெயின்ட்டில் சேர்ப்பதும் அதனால்தான். கட்டை பளபளக்க வேண்டும் என்று நான் தாராளமாகத் தேய்த்தது ஆண்டுக்கணக்கில் கசிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. பழி முழுவதும் என்னுடையது.

நெம்புகோலும் பூட்டுத்தண்டும் மரையால் இணைந்தவை. அந்த மரை பல இடங்களில் தொடங்கும். தவறான இடத்தில் பிடித்தால் சேஃப்டி முழுதாக விழாது. அதனால் பிரிப்பதற்கு முன் இரண்டிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். தின்னரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டினார். எமரி காகிதம் போட்டால் சீக்கிரம் முடியுமே என்றேன். “மயிரிழை தேய்ந்தாலும் பிடிக்காது சார்” என்று மறுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

பாகங்களை மீண்டும் பொருத்தியபின் தோட்டா இல்லாத துப்பாக்கியில் சோதனை: சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தி விட்டார், பிறகு சேஃப்டியை மெல்லத் திறந்தார். தோட்டாவைத் தட்டும் ஊசி விழவில்லை. திரும்பத் திரும்பச் செய்து காட்டிய பிறகே என் கையில் கொடுத்தார்.

அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. ஐப்பசி பிறக்கும் முன் அச்சில் ஒரே ஒரு சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய். கட்டைக்குத் துணியில் ஒற்றியெடுத்த எண்ணெய் ஈரம் மட்டும், அதுவும் இரும்புக்கு இரண்டு விரல் தள்ளியே. சேஃப்டி இன்னும் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘டக்’ என்று முழுதாகப் போய் உட்காருகிறது. மீதமிருந்த லின்சீட் புட்டியை அடுத்த வீட்டுப் பையனின் மட்டைக்குக் கொடுத்துவிட்டேன்.