தத்து மகளின் சிகிச்சைக்கு யூட்டாவா, வேலூரா?

நாங்கள் ஷார்ஜாவில் வசிக்கிறோம். எங்கள் மகள் நான்கு வயதில், தமிழ்நாட்டுக் காப்பகம் ஒன்றிலிருந்து, இந்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான 'காரா' வழியாக முறைப்படி எங்களிடம் வந்தாள். பதினோராவது வயதில் அவளுடைய கோபம் எங்கள் கையை மீறியது. கதவை உடைத்தாள்; தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள்; பல இரவுகள் உறங்கவேயில்லை. வாரம் ஒரு மணி நேர ஆலோசனை இனிப் போதாது என்று இங்குள்ள மருத்துவரே சொன்ன பிறகு, தங்கிச் சிகிச்சை பெறும் இடத்தைத் தேடினோம். கடைசியில் இரண்டு வழிகள் மிஞ்சின: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தத்துப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு மையம், வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தின் குழந்தைகள் பிரிவு. நாங்கள் வேலூருக்குப் போனோம். யூட்டா மையத்தைப் பற்றி நான் சொல்வது தொலைபேசிப் பேச்சையும் அவர்கள் அனுப்பிய தாள்களையும் வைத்து மட்டுமே.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மாதத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல், குறைந்தது ஒன்பது மாதம் என்றார்கள். வேலூரில் ஆன மொத்தச் செலவு அந்த ஒரு மாதத் தொகையில் சிறு பகுதிதான். சென்னைக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். மகள் பள்ளியில் ஆங்கிலம் பேசினாலும் அழுவது தமிழில்தான்.

யூட்டா மையத்தின் பலங்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருபத்துநான்கு மணி நேரமும் பணியாளர்கள், வளாகத்திலேயே பள்ளி, தத்தெடுப்பின் சிக்கல்களை அறிந்த ஆலோசகர்கள் என்று பலவும் அங்கே உண்டு. இத்தகைய மையங்களில் பிள்ளைகளைக் கட்டிப்போடுவதற்கும் தனியறையில் அடைப்பதற்கும் யூட்டா மாநிலம் 2021-இல் சட்டம் இயற்றிக் கட்டுப்பாடு விதித்தது. வாரம் ஒரு முறையாவது பிள்ளை குடும்பத்தாருடன் தனிமையில் பேச வழி செய்ய வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூனில் அமெரிக்க செனட்டின் நிதிக்குழு இந்தத் துறையின் கொடுமைகளை விரிவாக எழுதி அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், இத்தகைய மையங்களை நாடு முழுவதும் ஆராயச் சொல்லும் சட்டமும் வந்தது. அமெரிக்க மையத்தை நாடும் எவரும் முதலில் அந்த அறிக்கையைப் படித்துவிட வேண்டும்.

எங்களுக்கு முடிவைத் தந்தது வேறொன்று: பிள்ளையோடு தங்குவது யார் என்ற கேள்வி. ஷார்ஜாவுக்கும் யூட்டாவுக்கும் இடையே பத்து, பதினொரு மணி நேர வித்தியாசம். எங்கள் பங்கு வாரத்துக்கு ஒரு காணொளி அமர்வும் மூன்று மாதத்துக்கு ஒரு நேர்ச் சந்திப்பும்தான் என்றார்கள். இந்தியாவில் நிலைமை நேர்மாறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை அனுமதித்தால், அதன் காப்பாளரோ அவர் நியமிக்கும் ஒருவரோ அனுமதிக்காலம் முழுவதும் உடன் தங்கியே ஆக வேண்டும். சிறுமியின் காப்பாளர் ஆண் என்றால், பெண் ஒருவரை உடன் வைக்க வேண்டும். இது புதிதாக முளைத்த விதி அன்று. 1950-களிலேயே அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். பாகாயத்திலும் அது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கம்.

யூட்டா மையத்தின் படங்களை மகளிடம் காட்டிய அன்று அவள் ஒன்றுதான் கேட்டாள்: "என்னைத் திரும்பவும் அங்கயே விட்டுடுவியாம்மா?" அவளுக்கு 'அங்கே' என்றால் காப்பகம். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000 முதல் நடந்த ஆய்வு, காப்பகத்திலேயே வளர்ந்தவர்களைவிட வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பிணைப்பிலும் வளர்ச்சியிலும் தேறினார்கள் என்று காட்டியது. சிகிச்சை மையமும் காப்பகமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அந்த வேறுபாட்டை விளக்கிப் புரியவைக்க எங்களால் முடியவில்லை.

வேலூரில் இரண்டாம் வாரம் அவளுடைய தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது, உள்ளே காய்ந்து விறைத்த மூன்று சப்பாத்திகளும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் இருந்தன. வீட்டிலும் இப்படி ஒளித்துவைப்பாள். திருட்டுத்தனம் என்று எண்ணி நான் கண்டித்திருக்கிறேன். அன்று மாலை அமர்வில் ஆலோசகர் என்னிடம், கட்டில் அருகே ஒரு டப்பாவில் எப்போதும் தின்பண்டம் வையுங்கள், காலியானால் எதுவும் கேட்காமல் நிரப்புங்கள் என்றார். முதல் நான்கு நாள் டப்பா தினமும் காலியானது. ஐந்தாம் நாள் பாதி மிஞ்சியது. நான் அங்கே இல்லாவிட்டாலும் யாரோ ஒரு பணியாளர் அந்த டப்பாவை நிரப்பியிருப்பார். ஆனால் அவள் வீடு திரும்பியதும் நான் மறுபடியும் கண்டித்திருப்பேன். தங்கிச் சிகிச்சை பெறுவதில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி பெற்றோருடையது என்பதை அந்த டப்பாவின் வழியாகத்தான் உணர்ந்தேன்.

எந்த நாட்டு மையமானாலும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: பிள்ளையை அழுத்திப் பிடித்துப் பணியவைக்கும் 'பிணைப்புச் சிகிச்சை' எதையும் செய்கிறார்களா? 2000-இல் கொலராடோவில், 'மறுபிறப்பு' என்ற பெயரில் துணியால் சுற்றி அழுத்தப்பட்ட பத்து வயதுத் தத்து மகள் மூச்சுத்திணறி இறந்தாள். 'இல்லை' என்று தெளிவாகச் சொல்ல மையத்தார் தயங்கினால், அங்கே பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

எங்கள் அனுபவம் வேலூரில் ஆறு வாரமும் அதன்பின் வீட்டில் ஒன்பது மாதமும்தான். கதவு உடைவது நின்றிருக்கிறது. உறக்கம் இன்னும் சீராகவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் பிள்ளைக்கோ, தம்பி தங்கைகளைத் தாக்கும் பதினாறு வயதுப் பையனுக்கோ ஆறு வாரம் போதும் என்று என்னால் சொல்ல முடியாது. நீண்டகால மையம்தான் வேண்டியிருக்கலாம். நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். கணவர் ஷார்ஜாவிலேயே வேலையில் இருந்தார். இருவரில் ஒருவர்கூட வேலையை விட்டு வர முடியாத வீட்டில் இந்த வழி நடக்காது.

போகிறவர்கள் தத்தெடுப்பு ஆணையோடு, காப்பகம் தந்த குழந்தை ஆய்வறிக்கையையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்கள் மகளின் முதல் நான்கு ஆண்டுகளைப் பற்றி மருத்துவர்களுக்குக் கிடைத்த எழுத்து அவை மட்டும்தான். அமீரக வசிப்பு விசாவில் இருப்பவர்கள் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் பொதுவாக விசா ரத்தாகிவிடும் என்பதால், சிகிச்சைக் காலத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, திரும்பும் தேதியை முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள்.