வாளிக் குளியல்: பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா?

கடைக்குப் போகுமுன், வீட்டில் வெந்நீர் எதில் காய்கிறது என்று பாருங்கள். அடுப்பில் காய்ச்சி ஊற்றுபவர்களுக்கு எவர்சில்வர். ஹீட்டர் ராடு போடுபவர்களுக்குக் கனமான பிளாஸ்டிக் மட்டும்தான்.

ராடில் கசிவு இருந்தால் எவர்சில்வர் வாளி முழுக்கக் கரண்ட் ஏறும். ஈரத் தரையில் நின்று தொட்டால் ஷாக். பிளாஸ்டிக்கில் வாளி வழியாக வராது, தண்ணீர் வழியாக வரும். அதனால் எந்த வாளியானாலும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே சூடு பார்க்க விரலை விட வேண்டும். ராடு பக்கவாட்டிலோ அடியிலோ பட்டால் பிளாஸ்டிக் உருகி ஓட்டை விழும். விளிம்பின் குறுக்கே ஒரு மரக்கட்டை வைத்து நடுவில் தொங்கவிடுங்கள். தண்ணீர் ராடில் உள்ள குறிக்குக் கீழே இறங்கக் கூடாது. 1500 வாட் ராடு, 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 10 நிமிடம். கால் யூனிட் செலவு.

அடுப்பு வெந்நீரைப் பிளாஸ்டிக்கில் ஊற்றியே ஆகவேண்டும் என்றால், முதலில் பாதி வாளி பச்சைத் தண்ணீர் பிடித்துவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வெறும் வாளியில் கவிழ்த்தால் அடி இளகும். எவர்சில்வருக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் வெளிப்புறம் சுடும். குழந்தைகள் இருந்தால் கவனம்.

போர் தண்ணீரின் உப்பு இரண்டிலும் வெள்ளையாகப் படியும். வினிகரில் ஊறவைத்துத் துடைத்தால் போகும். அவசரப்பட்டு ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ போட்டால் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். ஈரம் தங்கும் அடிவளையம்தான் முதலில் போகும் இடம். இரவில் கவிழ்த்து வையுங்கள். பிளாஸ்டிக்கைக் கம்பி நாரால் தேய்த்தால் கீறல்களில் அழுக்கு குடியேறி, மறுவாரமே வழுக்கும். அதை மாடியில் வெயிலில் போட்டுவைத்தால் நொறுங்கும். மற்றபடி அது சாவது பெரும்பாலும் காதில்தான், கைப்பிடிக் கம்பி நுழையும் அந்த ஓட்டையில். வாங்கும்போது அங்கே தடிமன் பாருங்கள்; 20 லிட்டர் நிரம்பினால் 20 கிலோ அதில்தான் தொங்கும்.

மக்கில் சந்தேகமே வேண்டாம், பிளாஸ்டிக். மிதக்கும். எவர்சில்வர் சொம்பு அடியில் போய் உட்காரும், சோப்புக் கையில் நழுவும், டைல்ஸில் விழுந்தால் முனை பெயர்க்கும். ஆனால் கைப்பிடி உள்ளே குழலாக இருக்கும் மக்கைத் தொடாதீர்கள்: உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல், சில மாதத்தில் கறுப்புப் பாசியாக வடியும்.