முதல் டாட்டூவா? என் கையைப் பார்த்துவிட்டுப் போங்கள்

எங்கள் அப்பத்தா பெயர் பேச்சியம்மாள். என் இடது மணிக்கட்டில் இப்போது குத்தியிருப்பது அந்தப் பெயர் இல்லை.

அப்பத்தாவின் முன்கையில் ஒரு புள்ளிக்கோலமும் ஒரு தேளும் பச்சையாகக் கிடக்கும். சின்ன வயதில் வைகைக் கரையில் ஒரு குறத்தி குத்தியதாம். அப்பத்தா காலமான பிறகு, அவர் பெயரையே என் கையில் குத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடிக்கடை. ரீல்ஸில் பாதி விலை ஆஃபர் என்று பார்த்தேன். போனில் 1,500 என்றார்கள், அட்வான்ஸாக 500 ஜிபே செய்தேன். நேரில் போனதும் ஸ்கேலை எடுத்தார்கள். பெயரைச் சுற்றிக் கொடியோடு ஒரு கட்டம்: நீளம் 3 இஞ்ச், அகலம் ஒன்றரை, சதுர இஞ்சுக்கு 800, ஆக 3,600. ஆஃபர் கலர் டாட்டூவுக்கு மட்டுமாம். அட்வான்ஸ் திரும்பாது என்றதும் சரி, போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பெயரைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, கையில் பதிக்கிற மாதிரித்தாளை, அதாவது ஸ்டென்சிலை, எடுத்தார் டாட்டூ குத்துகிற தம்பி. சில டிசைன் சாஃப்ட்வேர்களில் இந்திய மொழிகளுக்கான செட்டிங்கை மாற்றாமல் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஊர் முழுக்க பிளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கு இது தெரியும், டாட்டூ தம்பிக்குத் தெரியவில்லை. ‘ப’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் ‘ச்’சோடு ஒட்டிக்கொண்டது. எதிரே நிற்பவர் படிக்கிற மாதிரி வைத்ததால் எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. “ஓகேயாண்ணே?” என்றார். ஊதா மையில் வளைவுகளைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. ஓகே என்றேன். இதில் என் தப்பும் உண்டு. ஸ்டென்சில் ஒட்டியதும் ஒரு போட்டோ எடுத்து, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த யாருக்காவது அனுப்பிவிட்டு அப்புறம் கையை நீட்டுங்கள்.

இப்போது என் கை ‘பசே’ என்று ஆரம்பிக்கிறது. பச்சை குத்தியதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்கிறான் மச்சான்.

எழுத்தாவது சிரிக்க வைத்தது, ஊசி சிரிக்க விடவில்லை. ஊசி இருக்கிற கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றும் காலாவதித் தேதி போட்டு, சீல் வைத்த பாக்கெட்டில் வரும். அதை நம் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். எனக்கு ஏற்கெனவே மெஷினில் மாட்டி வைத்திருந்தது. கிளவுஸ் போட்ட கையாலேயே போனை எடுத்துப் பேசினார், அதே கையால் துடைத்தார். மூடியில் மிஞ்சிய மையை மறுபடி பாட்டிலில் ஊற்றியதையும் பார்த்தேன். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் இந்த வழியாகப் பரவக்கூடியவை. நாலாம் நாள் மணிக்கட்டு வீங்கிச் சீழ் வைத்தது. டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்து, ரத்தப் பரிசோதனையும் எழுதினார், 3 மாதம் கழித்து இன்னொரு முறையும். இரண்டிலும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த 3 மாதம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஆறியபின் கோடுகளைச் சுற்றி நீலமாகக் கசிந்திருந்தது. ஊசி தேவைக்கு மேல் ஆழமாக இறங்கினால் மை தோலுக்கடியில் பரவிவிடும், அதைத் துடைக்க முடியாது. கடையில் காட்டினேன். “நீங்க பாத்து ஓகேன்னு சொல்லித்தானண்ணே குத்துனேன்” என்றார். ஃப்ரீ டச்சப் என்று சொன்னீர்களே என்றதற்கு, அது ஒரு மாதத்துக்குள்தான் என்றார்.

நடுவில் சித்தப்பாவுக்கு ரத்தம் தேவைப்பட்டது. ரத்த வங்கியில் கையைப் பார்த்ததும் டாட்டூ போட்டு 12 மாதம் ஆகவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டாளத்துக்கு முயற்சி செய்கிற தம்பிகள் இன்னும் யோசிக்க வேண்டும். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தர டாட்டூ இருந்தால் ராணுவத்தில் பொதுவாக எடுக்கமாட்டார்கள்.

லேசரில் அழிக்கலாமாம். ஒரே தடவையில் போகாது, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு. இப்போதைக்கு அகலப் பட்டை வைத்த வாட்ச் ஒன்று வாங்கியிருக்கிறேன், 900 ரூபாய். அதையும் டாட்டூ கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.